சபைக் காசில் முதலில் எது: வீதியா, வடிகானா, விளக்கா, கட்டடமா?

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த சபைகளுக்கு மறுபடியும் தவிசாளரும் உறுப்பினர்களும் வந்ததிலிருந்து, கோயில் வாசல், சந்தை, மரண வீடு என்று எங்கே ஓர் உறுப்பினரைக் கண்டாலும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துச் சனம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கட றோட்டு எப்ப போடுவீங்க?" கேட்பதில் பிழையே இல்லை. பழைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று சொல்லித் தள்ளிப்போடப்பட்டது. அதற்கு முந்திய வருடங்களைக் கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் தின்றுவிட்டன. இத்தனை வருடத் தேவையும் ஒரே நேரத்தில் புது உறுப்பினர்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

ஆனால் கேட்ட வரிசையிலேயே கொடுத்துக்கொண்டு போனால் இந்தச் சபைகளின் நாலு வருடம் முடியும்போது ஊரெல்லாம் துண்டு துண்டாகக் கொங்கிறீட் கிடக்கும், தண்ணீர் நிற்கிற இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் சபையில் நிறைவேற வேண்டும். அதற்கு முன்னர் வட்டாரக் கூட்டங்களில் எதைக் கேட்பது, எதை விடுவது என்று ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இது என் ஒப்பீடு. நான் பெரும்பாலும் வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்து எழுவான்கரை ஊர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கணக்கு மாறும், அதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் காசின் குணத்தைப் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒரு சபைக்கு இரண்டு விதமாகக் காசு வருகிறது. ஒன்று அதன் சொந்த வருமானம்: ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, மாகாணத்தின் ஊடாக வந்து சேரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். மற்றது அரசாங்கக் காசு: நிரந்தர ஊழியர்களின் சம்பளத்துக்கான மீளளிப்பு, மாகாணத்துக்குக் கிடைக்கும் பிஎஸ்டிஜி எனப்படும் அபிவிருத்தி நன்கொடை, அவ்வப்போது வரும் வெளிநாட்டு உதவித் திட்டங்கள். யுத்தம் முடிந்த பிறகு வடக்கு கிழக்கில் ஓடிய, உள்ளூராட்சிச் சேவைகளை மேம்படுத்தும் நெல்சிப் திட்டத்தைப் பலருக்கு ஞாபகமிருக்கும். பிறகு 2019இல் உலக வங்கி 70 மில்லியன் டொலர் கடனாக ஒத்துக்கொண்ட உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம் வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணச் சபைகளுக்கு வந்தது. பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி வேறு, அது பிரதேச செயலகத்தினூடாக ஓடுவது. செயலகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைச் சபைக்கும் சபைக்குக் கொடுக்க வேண்டியதைச் செயலகத்துக்கும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே இதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு காசுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முழு விசயமும். அரசாங்கக் காசு பெரும்பாலும் மூலதன வேலைக்குத்தான் வரும், அதாவது புதிதாக ஒன்றைக் கட்டு, போடு, வாங்கு. அதைத் துப்புரவாக்க, திருத்த, டீசல் அடிக்க, பல்ப் மாற்ற, காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது சபையின் சொந்த வருமானத்திலிருந்து. நகரங்களில் ஆதன வரி ஓரளவு சேரும். கிராமப் பிரதேச சபைகளில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் மட்டும்தான் அந்த வரியே இருக்கும், இருக்கிற இடத்திலும் நிலுவை வருடக்கணக்காகக் கிடக்கும். ஆகவே அரசாங்கக் காசில் ஒவ்வொரு புதுச் சாமானும் வரும்போது சபையின் சின்னச் சட்டைப்பையில் ஒரு நிரந்தரச் செலவு கூடுகிறது. எதைக் கேட்பதென்று பார்க்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: மூன்றாவது வருடம் இதை யார், எந்தக் காசில் பார்ப்பார்கள்?

சரி, வீதிக்கு வருவோம்.

கொங்கிறீட் வீதி

ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுவது இது, அதற்குக் காரணமும் உண்டு. மாரியில் முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், கர்ப்பிணியை ஏற்ற, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வர முடியாமல் சந்தியில் நின்ற வீட்டுக்கும் வீதிதான் முதல் தேவை. போட்டு முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும், நல்லபடி போட்டால் பல வருடத்துக்குச் சபைக்குச் செலவு வைக்காது. பராமரிப்புக் கணக்கில் பார்த்தால் வீதிக்கு நல்ல புள்ளி.

குழப்பம் மட்டத்தில் வருகிறது. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் திட்டு. முன்பு வேலியெல்லாம் கிடுகும் கம்பும், ஒழுங்கையெல்லாம் மணல், பெய்த மழை வளவு வளவாக ஊறிப் போய்விடும். இப்போது எல்லா வளவுக்கும் மதில், ஒழுங்கைக்குக் கொங்கிறீட். கொங்கிறீட்டைப் போடும்போது பழைய வீதிக்கு மேலே கிறவலைக் கொட்டி இறுக்கி அதற்கு மேலே போடுவதால் வீதி வளவை விட ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் அப்படிப் போட்ட ஓர் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் மழைநாளில் சொன்னது: "மகன், றோட்டு வடிவாத்தான் கிடக்கு. ஆனா முந்தி றோட்டுல நிண்ட தண்ணியெல்லாம் இப்ப எங்கட குசினிக்குள்ள நிக்குது." அவரின் கிணறு படலைக்குப் பக்கத்தில், மலசலகூடக் குழி பின்னுக்கு. தண்ணீர் நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த வீதிக்கு ஒதுக்கிய காசில் ஒரு சதமும் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒதுக்கப்படவில்லை, மதிப்பீட்டில் அப்படி ஓர் உருப்படியே இல்லை.

இன்னொன்று குழாய். நீர் வழங்கல் சபை குடிநீர்க் குழாய் போடத் திட்டமிட்டிருக்கும் ஒழுங்கையில் இவர்கள் கொங்கிறீட் போடுவார்கள், அடுத்த வருடம் அவர்கள் வந்து ஓரத்தை வெட்டுவார்கள், வெட்டிய இடத்தை மூடுவதோ மணலால். வேலை தொடங்க முன் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும், அதற்குக் காசு தேவையில்லை.

தடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது யாரும் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விசயம். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், பன்னிரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பு என்று மதிப்பீட்டில் இருந்தால் அதற்கு 37.5 கன மீற்றர் கொங்கிறீட் வேண்டும். அதையே 10 சென்ரிமீற்றரில் போட்டால் 30 கன மீற்றர். ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சீமெந்தில் ஐம்பது மூட்டைக்குக் கிட்டப் போகும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மணல் லொறி நாலு தரம் ஏறி இறங்கினால்தான் வெடிப்பு வரும். ஓரத்தில் அடித்திருக்கும் பலகையின் உயரத்தைக் கொங்கிறீட் கொட்ட முன்னர் ஓர் அடிமட்டம் வைத்துப் பாருங்கள், நடுவில் கிறவல் மேடாகக் கிடக்கிறதா என்று பலகைக்குக் குறுக்கே ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, நூல் பிடித்துப் பார்க்கிற ஆள் நிற்கிறார் என்றாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

வடிகான்

இதை யாரும் கேட்பதில்லை. வட்டாரக் கூட்டத்தில் இருபது பேர் கைதூக்கினால் பதினெட்டுப் பேர் வீதி, இரண்டு பேர் விளக்கு. ஆனால் என் வாக்கு இதற்குத்தான்.

வடிகானின் பெறுமதி அதன் கடைசி முனையில் இருக்கிறது. எழுவான்கரையில் தண்ணீருக்குப் போக இடம் வாவி, சில இடங்களில் கடல். நடுவில் ஏ4 பிரதான வீதி வடக்குத் தெற்காக ஒரு அணைபோலக் கிடக்கிறது. வீதிக்குக் கிழக்கே பெய்கிற மழை வாவிக்குப் போக வேண்டுமென்றால் அந்த வீதிக்குக் கீழே மதகு வேண்டும், அந்த மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஏ, பி வீதிகள் அவர்களுடையவை, சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை, மிச்ச ஒழுங்கைகள்தான் சபைக்கு. ஆகவே சபை தன் ஒழுங்கையில் மாத்திரம் வடிகான் கட்டிப் பிரதான வீதியோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒரு குட்டைதான் உண்டாகும். அப்படி நின்ற வடிகான்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல கொங்கிறீட், நல்ல மூடி, முனையில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர், அதற்குள் யோகட் கோப்பை, சோப்பிங் பை, நுளம்புக் குடம்பி. டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வளவுகளுக்கு ஏறி இறங்கி எச்சரிக்கிறார், ஆகப் பெரிய நுளம்புத் தொட்டி வீதியோரத்தில் கிடக்கிறது. அரைகுறை வடிகானை விட வடிகான் இல்லாமலே இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அது கெடுதல்.

இதனால்தான் வடிகானை வட்டார அடிப்படையில் பங்குபோட முடியாது. தண்ணீர் வட்டார எல்லை பார்த்து ஓடுவதில்லை. மேட்டு வட்டாரத்தில் தொடங்கி இரண்டு வட்டாரம் தாண்டி வாவியில் விழவேண்டிய ஒரு கானை ஒரே வருடத்தில், அல்லது வாவி முனையிலிருந்து மேல்நோக்கி இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும். முனையிலிருந்து தொடங்குவது முக்கியம், மேலிருந்து தொடங்கிக் காசு முடிந்தால் நடுவிலுள்ள வீடுகளுக்குத்தான் ஆபத்து.

செலவு என்று பார்த்தால் மீற்றருக்கு வீதியை விட வடிகானுக்குக் கூடப் போகும், கம்பி, பலகை, மூடி எல்லாம் சேர்ந்துவிடும். பராமரிப்பும் உண்டு, ஒவ்வொரு வருடமும் ஒக்டோபருக்கு முன்னர் துப்புரவாக்க வேண்டும். ஆனால் அது சபை ஊழியர்கள் நாலைந்து பேரின் சில நாள் வேலை, மூடியைத் தூக்கக்கூடிய அளவில் போட்டிருந்தால். தூக்க முடியாத பெரிய மூடியைப் போட்டுவிட்டால் பெக்கோ வராமல் துப்புரவாக்க முடியாது. மதிப்பீடு போடும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் மூடியின் பாரத்தை இரண்டு பேர் தூக்கக்கூடியதாக வைக்கச் சொல்லுங்கள், அப்படிக் கேட்டால் அவரும் சந்தோசப்படுவார்.

முகத்துவாரம் வெட்டுவது, வாவி மட்டம், மலைநாட்டுப் பக்கமிருந்து வரும் பெருவெள்ளம் எல்லாம் சபையின் கைக்குள் இல்லை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்ததுபோன்ற வெள்ளத்தை ஓர் ஒழுங்கைக் கான் நிறுத்தாது. நான் சொல்வது ஒவ்வொரு மாரியும் வரும் சாதாரண மழைத் தண்ணீர், இரண்டு நாள் அடைமழைக்கு ஒரு கிழமை வளவில் நிற்கிறதே, அதைப் பற்றி.

படுவான்கரையில் படம் வேறு. அங்கே தூரம் பெரிது, வீடுகள் ஐதாக, வயலும் குளமும். கொங்கிறீட்டை 100 மீற்றர் போடுகிற காசில் கிறவல் வீதியை நல்ல நீளத்துக்கு உயர்த்தித் திருத்தி, இரண்டு மூன்று இடத்தில் மதகு வைத்தால் ஒரு ஊரே வெளியே வரும். கிரான் பாலத்தடியும் புலிபாய்ந்தகல் வீதியும் மாரியில் மூழ்கினால் அந்தப் பக்கம் முழுக்கத் துண்டிக்கப்படுவதை எல்லோரும் அறிவோம். அது சபையால் தீர்க்கக்கூடிய பெரிய வேலையல்ல, ஆனால் உள்ளூர் மதகுகள் சபையால் தீரக்கூடியவை. ஆட்களையும் வாகனத்தையும் வாவி கடத்தும் மிதவைப் பாதை ஓடுகிற குறுமண்வெளி மண்டூர், சந்திவெளி திகிலிவெட்டைத் துறைகளில் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டிலும் இரவில் ஒரு விளக்கும் இருந்தால் அங்கே அது பல ஒழுங்கைகளை விடப் பெரிய உதவி.

தெருவிளக்கு

விளக்கு மலிவு, சீக்கிரம் முடியும், பங்குபோட இலகு. ஆறு மணிக்கு மேல் ரியூசன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளின் தாய்மாரிடம் கேட்டால் விளக்குத்தான் முதல் என்பார்கள், அவர்கள் சொல்வது சரி. வெல்லாவெளி, வவுணதீவு பக்கம் யானை வந்து நிற்பதை நாலடிக்கு முன்னால்தான் கண்டவர்களும் அதையே சொல்வார்கள்.

பிரச்சினை மூன்றாவது வருடத்தில். சபைக்கு ஒரு மின்னியலாளர், சில நேரம் அதுவும் அமைய அடிப்படையில், ஓர் ஏணி. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் இரும்புக் கை துருப்பிடித்துவிடும். ஆகவே எனக்கு இதில் தெளிவான தெரிவு உண்டு: மின்கம்பம் இருக்கிற இடத்தில் சாதாரண எல்ஈடி விளக்கு, கம்பம் போகாத இடத்தில் மட்டும் சூரிய மின் விளக்கு. சூரிய விளக்கு கொடுக்கிறவர்களுக்குப் பார்க்க வடிவு, பெயர்ப்பலகையும் போடலாம், ஆனால் பற்றரி போனால் மாற்றச் சபையிடம் காசு இருக்காது. புதிதாக நூறு விளக்குக்குக் காசு வந்தால் எண்பதைப் போட்டு மிச்சக் காசை உதிரிப்பாகமாக வாங்கிக் களஞ்சியத்தில் வைக்க ஒதுக்கீட்டு விதி இடம்கொடுக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். விளக்குக் கம்பத்துக்கு இலக்கம் அடித்து, பழுதானால் அந்த இலக்கத்தைச் சொல்லி அறிவிக்கிற ஒழுங்கும் பெரிய செலவில்லாதது.

கட்டடம்

பல்தேவைக் கட்டடம் வேண்டாம். இதைச் சொன்னால் சில சங்கங்கள் கோபிக்கும், பரவாயில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்த மண்டபங்கள், பிறகு அரசாங்கக் காசில் வந்த கட்டடங்கள் என்று பூட்டிக் கிடப்பவற்றை முதலில் எண்ணுவோம். கதவு கறையான், ஓடு உடைந்து ஒழுகுது, விறாந்தையில் ஆடு. திறப்பு யாரிடம் என்று கேட்டால் மூன்று பேரின் பெயரைச் சொல்வார்கள். புதுக் கட்டடம் கேட்கிற காசில் கால்வாசியைப் போட்டால் இருக்கிறது திருந்தும்.

விதிவிலக்குகள் உண்டு. பிள்ளைகள் உண்மையிலேயே வந்து இருந்து படிக்கிற நூலகத்துக்கு ஓர் அறை, மழைக்கு ஒழுகும் முன்பள்ளிக்குக் கூரை, சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு மலசலகூடம். இந்தக் கடைசி ஒன்றை எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள், விடியற்காலை நாலு மணிக்கு மரக்கறிக் கூடையோடு வந்து பகல் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அக்காமார் கூட்டத்துக்கு வருவதில்லை. சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் கட்டாயமான பிறகு இப்படியான கோரிக்கைகளைப் பெண் உறுப்பினர்களிடம் நேரே கொண்டுபோகலாம், அவர்களுக்கு விளங்கும்.

சந்தைக் கடைத்தொகுதியை வேறாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது சபைக்கு வாடகை தரும், அதாவது பராமரிப்புக் காசைத் தானே உண்டாக்கும் ஒரே கட்டடம் அதுதான். ஆனால் வியாபாரிகளைக் கேட்காமல் சனம் போகாத மூலையில் கட்டினால் அதுவும் பூட்டித்தான் கிடக்கும்.

குப்பைக்கு உழவு இயந்திரமும் பெட்டியும் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனம் நன்கொடையில் வரும், சாரதி, டீசல், ரயர் சபைக் கணக்கில். அதைவிடப் பெரிய கேள்வி எங்கே கொட்டுவது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்ரிக்கைத் தின்று செத்த செய்தி 2022 தொடக்கத்தில் உலகமெல்லாம் போனது. கொட்டுமிடமும் தரம்பிரிப்பும் முடிவாகாமல் இன்னொரு வண்டி வாங்குவதில் பயனில்லை.

எப்படிப் பங்குபோடுவது

எதைச் செய்வது என்பதை விடச் சிக்கலானது இது. வழக்கமான முறை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பது. ஒரு கோடி ரூபா வருகிறது, சபையில் இருபது உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஐந்து இலட்சம். யாருக்கும் மனக்குறை இல்லை, சபையில் சத்தமில்லை, வரவு செலவுத் திட்டமும் நிறைவேறும். உறுப்பினரின் நிலையும் எனக்கு விளங்குகிறது. இந்தக் கலப்புத் தேர்தல் முறையில் 60 வீதம் பேர் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், 40 வீதம் பேர் விகிதாசாரத்தில் வருகிறார்கள், வட்டாரம் இல்லாதவருக்கும் தன் பெயரில் ஒரு வேலை காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் இன்றைய சீமெந்து விலைக்கு ஐந்து இலட்சத்தில் என்ன வரும்? ஓர் ஒழுங்கையின் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பீடு, ஒரு ஒப்பந்தம், ஒரு பட்டியல், ஒரு பெயர்ப்பலகை. ஒரே தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருபது இடத்துக்கும் ஓடுவார், எங்கேயும் ஒழுங்காக நிற்கமாட்டார்.

மறுபக்கம், முழுக்காசையும் ஒரே பெரிய வேலையில் போடுவது. வேலை உருப்படியாக முடியும், ஆனால் மற்ற வட்டாரங்கள் அந்த வருடம் வெறுங்கையோடு நிற்கும். அடுத்த வருடம் காசு வருமா என்ற உத்தரவாதம் யாரிடமும் இல்லை. தெரிவுசெய்யப்பட்ட கிழக்கு மாகாண சபையே 2017 செப்டம்பரோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நிதியைக் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட நமக்கு இல்லை.

நான் ஆதரிப்பது நடுவில் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கை முழுச் சபைக்கும் பொதுவான ஒரு வரிசைப் பட்டியலுக்கு வைப்பது, தண்ணீர் ஆகக் கூடுதலாக நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி வருடத்துக்கு இரண்டு மூன்று வேலையை முழுமையாக முடிப்பது, இந்த வருடம் யாருக்கு, அடுத்த வருடம் யாருக்கு என்று பட்டியலைச் சபைச் சுவரில் ஒட்டுவது. மிச்ச மூன்றில் ஒரு பங்கை உறுப்பினர்களுக்குச் சமமாகப் பிரிப்பது, விளக்கு, கூரை திருத்தம், மதகு போன்ற சின்ன வேலைகளுக்கு. அந்தச் சின்னப் பங்கு இல்லாவிட்டால் பெரிய பட்டியலுக்கு எந்த உறுப்பினரும் கைதூக்க மாட்டார், அது மனித இயல்பு. பட்டியலைச் சுவரில் ஒட்டாவிட்டால் வருடாவருடம் அது மாறும்.

யார் செய்வது: ஒப்பந்தகாரரா, சங்கமா

ஒரு எல்லைக்குட்பட்ட வேலைகளைக் கேள்விமனு இல்லாமலே பதிவுபெற்ற கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். சங்கம் செய்தால் கூலி ஊருக்குள் நிற்கும், மிஞ்சும் காசு சங்கக் கணக்கில் சேரும், தன் வாசலில் போடுகிற வீதியில் சீமெந்தைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. ஒழுங்காக நடந்த சங்க வேலைகளைக் கண்டிருக்கிறேன். தலைவி ஒரு கொப்பியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டு காலையிலிருந்து வெயிலில் நின்றார், கொங்கிறீட் போட்ட பிறகு ஏழு நாளும் ஒழுங்கைக்காரர் முறைவைத்துச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒப்பந்தகாரர் அதைச் செய்யமாட்டார், அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால் சங்கத்திடம் கைக்காசு இல்லை. வேலை முடிந்து பட்டியல் போட்டு, அளந்து, காசோலை வர மாதங்களாகும். அதுவரை கடைக்காரர் கடன் தர வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஓர் ஆள் வந்து, "சங்கத்தின் பெயரைத் தாங்க, வேலையை நான் பார்க்கிறன், உங்களுக்கு இவ்வளவு" என்பார். அதற்குச் சம்மதித்தால் சங்கமும் இல்லை, முறையான ஒப்பந்தகாரரும் இல்லை, பிழை வந்தால் கையெழுத்துப் போட்ட தலைவரும் செயலாளரும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே என் கருத்து: வீதி, கூரை, வேலி, சின்ன மதகு சங்கத்துக்கு, முற்பணம் கிடைக்கும் என்றால் மட்டும். மட்டம் பிடிக்க வேண்டிய நீண்ட வடிகானும் பிரதான வீதியைக் கடக்கும் வேலையும் பதிவுபெற்ற ஒப்பந்தகாரருக்கு, ஊர்க் குழு ஒன்று மேற்பார்வைக்கு. கான் துப்புரவு சபை ஊழியர்களுக்கு.

எந்த முறையானாலும் கெடுப்பது நாட்காட்டி. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு அங்கீகாரமாகி வந்து சேரும்போது வருடத்தில் பாதி போயிருக்கும், மதிப்பீடு, அனுமதி, கேள்விமனு என்று இன்னும் மூன்று மாதம். ஆக வேலை தொடங்குவது நவம்பரில். நம் மாவட்டத்தின் வருட மழையில் பெரும்பகுதி கொட்டுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு, கீழே தண்ணீர் ஊறிய மணலில் கொங்கிறீட் கொட்டுவதை ஒவ்வொரு டிசம்பரும் காணலாம், காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில். இதற்கு ஒரே வழி, காசு வருமுன்னரே மதிப்பீடு தயாராக இருப்பது. பட்டியலில் முதல் ஐந்து வேலைக்கும் அளந்து, மட்டம் பார்த்து, மற்றத் திணைக்களங்களின் சம்மதக் கடிதத்தோடு கோவை கிடந்தால், ஒதுக்கீடு வந்ததும் நேரே வேலைக்குப் போகலாம், செப்டம்பருக்குள் முடியும்.

ஆகவே எங்கள் வட்டாரக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது: முதலாவது வாவி முனையிலிருந்து தொடங்கும் வடிகான், இரண்டாவது அந்தக் கான் முடிந்த ஒழுங்கைகளுக்கு மட்டும் கொங்கிறீட், சின்னப் பங்கில் விளக்குத் திருத்தமும் சந்தை மலசலகூடமும். நீங்களும் கேட்கப்போகிறீர்கள் என்றால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மழைக்குத் தண்ணீர் நிற்கும்போது எடுத்த படம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கையால் கீறிய ஒரு வரைபடம், கானுக்கு இடம் விடச் சம்மதிக்கும் வீட்டுக்காரர்களின் கையொப்பம், இந்த மூன்றையும் இணைத்துக் கடிதம் கொடுங்கள். பழைய வேலை ஒன்றின் மதிப்பீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தை உறுப்பினரிடம் மட்டும் கொடுத்தால் அவருடைய சேட்டுப் பையில்தான் இருக்கும். சபைச் செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர் மாறினாலும் தவிசாளர் மாறினாலும் அது கோவையில் கிடக்கும்.